4,000 ரூபாய்க்குள் முதல் மெக்கானிக்கல் விசைப்பலகை: எதைத் தேர்வது?

தினமும் பல மணி நேரம் தட்டச்சு செய்யும் ஒருவர், 4,000 ரூபாய்க்குள் முதன்முறையாக ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க நினைத்தால், இந்தியச் சந்தையில் அவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, டிவிஎஸ் கோல்டு போன்ற முழு அளவுப் பலகை. இரண்டாவது, கணினி விளையாட்டுக்காரர்களுக்கென்று விற்கப்படும் 61 விசைகள் கொண்ட சிறிய பலகை. மூன்றாவது, வலப்புற எண்பகுதி மட்டும் நீக்கப்பட்ட, 87 விசைகள் கொண்ட கம்பிவழிப் பலகை. இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட மனம் இருந்தால், ப்ளூடூத் வசதியோடு வரும் 75 சதவீத அளவுப் பலகை நான்காவது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு மூன்றாவது வழிதான் ஏற்றது, அதிலும் சுவிட்சுகளைக் கழற்றி மாற்றக்கூடிய வகை. நாள் முழுவதும் எண்களை உள்ளிடுபவருக்கு முதல் வழி. இந்த முடிவுக்குக் காரணமானவை பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் அம்சங்கள் இல்லை என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்பவருக்கு மட்டுமே முக்கியமாகிற ஓரிரு காரணங்களும் அவற்றில் உண்டு.

அலுவலகங்களில் நாம் பழகிய 500 ரூபாய்ப் பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ரப்பர் குமிழ்கள் இருக்கின்றன. விசையை ஏறக்குறைய அடிவரை அழுத்தினால்தான் குமிழ் மடங்கி, கீழேயுள்ள பிளாஸ்டிக் தாள்களில் அச்சிடப்பட்ட மின்தடங்கள் ஒன்றையொன்று தொடும். மெக்கானிக்கல் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்சு. அதற்குள் ஒரு சுருள்வில்லும், தொட்டு விலகும் உலோகத் தகடுகளும். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும் என்றால், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே தகடுகள் தொட்டு எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டிய தேவை இல்லாமல் போவதும், எல்லா விசைகளும் ஒரே அழுத்தத்தைக் கேட்பதும், ஒரு விசை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் சரிசெய்ய முடிவதுமே இதன் உண்மையான ஆதாயங்கள். எழுதும் வேகம் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். வேகம் பயிற்சியால் கூடுவது. பலகையால் குறைவது சலிப்பும் விரல் களைப்பும்தான்.

இன்று விற்கும் சுவிட்சுகளில் மிகப் பெரும்பாலானவை ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் என்னும் வடிவத்தின் வழிவந்தவை. அந்த வடிவத்துக்கான காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு முதலான சீன நிறுவனங்கள் அதே அளவில், அதே வண்ணப் பெயர்களில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. ஒருகாலத்தில் பெருஞ்செலவாக இருந்த பொருள் இன்று 2,000 ரூபாய்க்கே கிடைப்பதற்கு அதுவே முதற்காரணம்.

விலை இவ்வளவு இறங்கியதால் ஒரு போலியும் நுழைந்திருக்கிறது. 800 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் வரை, 'மெக்கானிக்கல் ஃபீல்' என்றோ 'செமி மெக்கானிக்கல்' என்றோ விற்கப்படுபவை அனைத்தும் ரப்பர் குமிழ்ப் பலகைகளே. வெளித்தோற்றத்திலும் வண்ண விளக்கிலும் உண்மையானவற்றைப் போலவே இருக்கும். விசைமூடியைப் பிடுங்கிப் பார்த்தால்கூடச் சிலவற்றில் உள்ளே கூட்டல் குறி வடிவத் தண்டு தெரியும். எளிய அடையாளம் ஒன்று உண்டு: உண்மையான மெக்கானிக்கல் பலகையின் விற்பனைப் பக்கத்தில் சுவிட்சின் பெயரோ நிறமோ கட்டாயம் இருக்கும். அது இல்லாத பக்கத்தை அப்படியே கடந்துவிடலாம்.

சிவப்பா, பழுப்பா, நீலமா

பலகையின் பெயரை விட முக்கியமான தேர்வு சுவிட்சின் வகை. சிவப்பு சுவிட்சு தடையின்றி நேராக இறங்கும். பழுப்பில், எழுத்து பதிவாகும் இடத்தை ஒட்டி விரலுக்கு ஒரு சிறு மேடு தட்டுப்படும். ஒலி மிகக் குறைவு. நீலத்தில் அந்த மேட்டோடு 'டிக்' என்ற தெளிவான ஒலியும் எழும். செர்ரி தரும் அளவின்படி சிவப்புக்கு 45, பழுப்புக்கு 55, நீலத்துக்கு 60 சென்டிநியூட்டன் விசை தேவை. ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிராம் எடை விரலில் தரும் அழுத்தம். எண்களில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு மாலைக்குள் சுண்டுவிரலில் தெரியும். பிற நிறுவனங்கள் இதே நிறங்களைப் பயன்படுத்தினாலும் அளவுகள் சற்று மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடையில் நின்று இரண்டு நிமிடம் தட்டிப் பார்ப்பவருக்கு நீலம்தான் பிடிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பதில் கிடைப்பது போன்ற அந்த ஒலி, தட்டச்சுப் பயிலகத்தில் ரெமிங்டன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பழகியவர்களுக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்பியது போலவே இருக்கும். ஆனால், நம்மில் பலருக்கு எழுதுவதற்கென்று தனி அறை இல்லை. கூடத்தில் ஒருவர் தொலைக்காட்சி பார்க்க, பக்கத்தில் ஒரு குழந்தை தூங்க, இரவு பதினொரு மணிக்கு மேசையில் இருந்து எழும் நீல சுவிட்சின் ஒலி கதவு தாண்டியும் கேட்கும். இணையவழிக் கூட்டத்தில் ஒலிவாங்கியை அணைக்க மறந்து குறிப்பெடுத்தால், எதிர்முனையில் இருப்பவர்களுக்குப் பேச்சை விட டிக்டிக் ஒலியே அதிகம் போய்ச் சேரும்.

ஒலியை விட நுட்பமான இன்னொரு குறை நீலத்துக்கு உண்டு. ஒரு நீல சுவிட்சை மிக மெதுவாக அழுத்திப் பார்த்தால் பாதி வழியில் 'டிக்' என்று தட்டும், எழுத்து பதிவாகும். இப்போது விரலைச் சற்றே தளர்த்தி மீண்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எழுத்து பதிவான இடத்தைத் தாண்டி விசை இன்னும் மேலே ஏறிய பிறகுதான் உள்ளே இருக்கும் தளர்வான வளையம் பழைய நிலைக்குத் திரும்பும்; அதற்குப் பிறகே அடுத்த அழுத்தம் கணக்கில் வரும். சிவப்பில் பதியும் இடமும் விடுபடும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. எனவே ஒரே விசையை அடுத்தடுத்து இரண்டு முறை விரைவாக அழுத்துவதற்குச் சிவப்பும், அதற்கடுத்துப் பழுப்பும் எளிது. நீலத்தில் விரலை நன்றாக உயர்த்த வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர் இதைப் பெரும்பாலும் உணர மாட்டார். தமிழில் எழுதுபவர் முதல் பக்கத்திலேயே உணர்வார். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 என்னும் விசை அமைப்பில், உயிரெழுத்து 12, மெய் 18, புள்ளி 1 என்று 31 விசைகளே அடிப்படை. அதன் அழகே, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடுவதில் இருக்கிறது. 'அக்கா' என்பதற்கு அ, க, க, ஆ என்று நான்கே தட்டல்கள். 'பாட்டி' என்பதற்கு ஐந்து. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவருக்கும் விடுதலை இல்லை. அதே 'பாட்டி'க்கு அவர் ஏ (a) விசையை இரண்டு முறையும் உடனே டீ (t) விசையை இரண்டு முறையும் தட்ட வேண்டும். இரட்டிப்பு இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவது கடினம். ஆகவே தமிழ் எழுதுவதே முதன்மைப் பணி என்றால் நான் நீலத்தைப் பரிந்துரைப்பதில்லை. மடிக்கணினியின் மென்மையான விசைகளிலிருந்து வருபவர் பழுப்பில் தொடங்கலாம். விரலை மெல்ல வைப்பவர், அல்லது மணிக்கட்டில் வலி உள்ளவர் சிவப்பில் தொடங்கலாம். பயிலகப் பழக்கத்தில் ஓங்கி அடிப்பவர் சிவப்பை எடுத்தால் முதல் சில நாட்கள் விரல் பட்ட இடமெல்லாம் எழுத்தாகும். அவருக்கும் பழுப்பே நல்லது.

கழற்றி மாற்றும் வசதி ஏன் தேவை

மலிவான சுவிட்சுகளின் பொதுவான நோய், ஒருமுறை தட்டினால் இரண்டு எழுத்து விழுவது. உலோகத் தகடுகள் தொடும்போது நுண்ணிய அளவில் துள்ளுவது இயல்பு. சில மில்லிநொடி காத்திருந்து அந்தத் துள்ளலைப் பலகையின் மென்பொருள் ஒதுக்கிவிடும். தகடுகளில் தூசியோ ஈரத்தால் வரும் கறையோ படிந்தால் துள்ளல் நீண்டு, ஒதுக்கலை மீறி இரண்டாவது எழுத்து பதிவாகிவிடுகிறது. நாளெல்லாம் மின்விசிறி சுழலும் அறையில், ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில், இது விரைவில் வரக்கூடியதுதான்.

ஆங்கிலத்தில் இரட்டிப்பு விழுந்தால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்99இல் அப்படி நடக்காது. ட விசை இருமுறை பதிந்தால் 'படம்' என்று அடித்தது 'பட்டம்' என்று, புள்ளியும் சரியாக விழுந்து, ஒரு முழுமையான தமிழ்ச் சொல்லாகவே திரையில் நிற்கும். 'பாடு' 'பாட்டு' ஆகும். பிழைதிருத்திக்கு அதில் குறையொன்றும் தெரியாது. மெய்ப்புப் பார்க்கும் கண்ணும் பொருளைத் தொடர்ந்து படித்தால் ஒழியத் தாண்டிப் போய்விடும். ஒரு கெட்டுப்போன சுவிட்சோடு வேலை பார்ப்பது தமிழில் எழுதுபவருக்குக் கூடுதல் ஆபத்து என்பது இதனால்தான்.

சாதாரணப் பலகைகளில் சுவிட்சின் கால்கள் மின்பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். கெட்டதைப் பிடுங்க அந்தச் சால்டரை உருக்க வேண்டும். சென்னையில் இருப்பவர் ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனால் ஒருவேளை செய்து தருவார்கள். ஊர்ப்புறத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பும் அரிது. 'ஹாட்ஸ்வாப்' என்று குறிப்பிடப்படும் பலகைகளில் ஒவ்வொரு சுவிட்சும் ஒரு சிறு குழியில் செருகப்பட்டிருக்கும். பெட்டியிலேயே வரும் இடுக்கியால் நேராகப் பிடுங்கி, புதியதை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஒரு சுவிட்சு சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். அவசரத்துக்கு, அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சை ட-வின் இடத்தில் போட்டுவிட்டு எழுத்தைத் தொடரலாம். முதல் பலகை வாங்குபவருக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: பழுப்பு என்று வாங்கிச் சில மாதம் கழித்துச் சிவப்பே மேல் என்று தோன்றினால் சுவிட்சுகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், முழுப் பலகையையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. நிறத்தைப் பற்றி மேலே இவ்வளவு எழுதிய பிறகும், தட்டிப் பார்க்காமல் இணையத்தில் வாங்குபவருக்குத் தவறான தேர்வு நேரலாம் என்பதால், இந்த வசதிக்காக 500 ரூபாய் கூடுதலாகத் தருவது வீண்செலவு ஆகாது.

ஆனால் இந்தச் சொல் பெட்டியில் இருப்பது மட்டும் போதாது. மிக மலிவான சில பலகைகளின் குழிகள் அவுட்டெமு சுவிட்சுகளின் மெல்லிய கால்களுக்கென்றே செய்யப்பட்டவை. செர்ரியோ கேட்டரானோ அதில் நுழையாது, வலிந்து அழுத்தினால் கால் மடங்கும். வேறு சிலவற்றில் மூன்று கால் சுவிட்சு மட்டுமே பொருந்தும். ஐந்து கால் சுவிட்சின் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கியபின் பொருத்தலாம், அது பெரிய சிக்கல் இல்லை. ஒளியால் இயங்கும் 'ஆப்டிகல்' சுவிட்சுப் பலகையில் அதே வகையைத் தவிர வேறெதுவும் இயங்காது. இந்த மூன்றையும் விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும். இணையத்தில் வாங்கினால் வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் தேட வேண்டும்.

நான்கு வழிகள்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கோல்டு பலகையை வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பில் போடும் கவுன்டர்களிலும் பார்க்காதவர் அரிது. 104 விசைகள், பிரிக்க முடியாத கம்பி, பளிச்சென்ற விளக்கு ஏதும் இல்லாத கறுப்பு உடல், நீல சுவிட்சின் ஒலி. செர்ரியின் சுவிட்சால்தான் அது பெயர் வாங்கியது. பிற்கால வடிவத்தில் ரூபாய் குறியீடும் விசையில் அச்சானது. கணினியில் ஆங்கிலம் (இந்தியா) அமைப்பைத் தேர்ந்தால், வலப்புற ஆல்ட்டும் 4உம் சேர்த்து அழுத்தி எந்தப் பலகையிலும் அக்குறியீட்டைப் பெறலாம் என்பது வேறு விஷயம். விலை பெரும்பாலும் 3,000 ரூபாயை ஒட்டி நிற்கிறது. கெட்டால் கொண்டுபோகச் சேவை மையம் உண்டு என்பது, இணையக் கடையில் மட்டுமே முகவரி உள்ள பலகைகளுக்கு இல்லாத வலிமை.

யார் இதை வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை: டேலியில் உட்கார்ந்து வவுச்சர் போடுபவர், ஜிஎஸ்டி கணக்கை எக்செல்லில் நிரப்புபவர், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர். எஃப்5 பணம் கொடுத்தது, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று விரல் தானாகப் போய் விழுந்து, வலக்கை எண்பகுதியை விட்டு நகராதவருக்கு வேறெந்தப் பலகையும் பாதிப் பலகைதான். கடைக் கவுன்டரின் இரைச்சலில் அதன் ஒலி யாரையும் தொந்தரவு செய்யாது. அதே பலகையை வீட்டில் வைத்துத் தமிழில் கட்டுரை எழுத வாங்குவதில் பொருள் குறைவு. நீலத்தின் குறைகள் மேலே சொன்னவை. சுவிட்சை நாமே மாற்றவும் முடியாது. அகலம் இன்னொரு இடைஞ்சல். விசைகள் 19 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கப்படுவதால் முழுப் பலகை ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் நீள்கிறது; எண்பகுதியை நீக்கினால் 36; 61 விசைப் பலகை 30ஐத் தாண்டாது. எண்பகுதி இருந்தால் மவுஸ் அத்தனை தூரம் வலப்பக்கம் தள்ளிப்போகிறது, நாள் முழுவதும் தோள் அதை எட்டிக்கொண்டே இருக்கிறது.

ரெட்ராகன் கே617, ராயல் க்ளட்ஜ் ஆர்கே61 முதலிய 61 விசைப் பலகைகள் விலையில் ஈர்க்கும். 2,000 ரூபாய்ப் பக்கத்திலேயே உண்மையான மெக்கானிக்கல் சுவிட்சும் வண்ண விளக்கும் கிடைத்துவிடுகின்றன, பைக்குள் அடங்கும், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர் இதைத் தவிர்ப்பது நல்லது என்றே கருதுகிறேன். எஃப் வரிசை இல்லை, தனி அம்புவிசைகள் இல்லை, ஹோம், எண்ட், டெலீட் இல்லை. எல்லாமே எஃப்என் விசையோடு இன்னொன்றைச் சேர்த்து அழுத்த வேண்டியவை. எழுதும்போது நாம் எழுத்துகளை மட்டும் தட்டுவதில்லை. ஒரு பத்தியைத் திருத்த அம்புவிசையால் சொல் சொல்லாக நகர்கிறோம், ஷிஃப்ட்டும் எண்ட்டும் அழுத்தி வரியைத் தேர்கிறோம், டெலீட் அடிக்கிறோம். தமிழ்99 பயன்படுத்துபவருக்கு இன்னொரு வம்பும் இருக்கிறது. அந்த அமைப்பில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளில். ந அரைப்புள்ளி விசையில். ய அதற்கு அடுத்ததில். ழ சாய்கோட்டு விசையில். சில 61 விசைப் பலகைகளில் அந்தச் சாய்கோட்டு விசையே மேல்நோக்கிய அம்புவிசையாகவும் இரட்டை வேலை பார்க்கிறது. அம்பு நிலையில் வைத்துவிட்டு மறந்தால், 'தமிழ்' என்று அடிக்கும்போது ழ வராது. சுட்டி மேல் வரிக்குத் தாவி, அடுத்துத் தட்டியவை அங்கே போய் விழும். விளையாட்டுக்காகவே வாங்குபவருக்கும், மேசையில் இடமே இல்லாத விடுதி மாணவருக்கும் இந்தச் சிறிய பலகை பொருந்தலாம்.

மூன்றாவது வழியில், அதாவது 87 விசைப் பலகையில், நீக்கப்பட்டது எண்பகுதி மட்டுமே. அம்புவிசைகளும் ஹோம், எண்ட்டும் எஃப் வரிசையும் விரல் ஏற்கெனவே அறிந்த இடத்திலேயே இருக்கின்றன. புதிதாகப் பழக வேண்டியது ஏதுமில்லை என்பதுதான் இதை முதல் பலகையாக நான் சொல்வதற்கு முதற்காரணம். எப்போதாவது எண் நிரப்ப வேண்டியிருந்தால் தனியாக ஓர் எண்பகுதிப் பலகையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, வேண்டும்போது இடக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ரெட்ராகன், காஸ்மிக் பைட், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் முதலிய பெயர்களில் இந்த அளவுப் பலகைகள் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் வருகின்றன. கீக்ரான் சி3 புரோ அதே வரம்பின் மேல்விளிம்பில் இருக்கிறது. ஓசையும் கட்டமைப்பும் அந்த விலைக்கு மேலானவை, விசைகளை விருப்பம்போல் மாற்றியமைக்கும் க்யூஎம்கே மென்பொருளும் உண்டு. ஆனால் அதன் முதல் வடிவத்தில் சுவிட்சுகள் சால்டர் செய்யப்பட்டவை. கழற்றும் வகை பின்னர் வந்தது. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் வாங்கும்போது பார்த்து எடுக்க வேண்டும்.

விசைகளை மாற்றியமைக்கும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. கேப்ஸ் லாக் விசைக்குத் தமிழில் வேலையே இல்லை. அதைத் தமிழ், ஆங்கில மாற்றுவிசையாக்கினால் விண்டோஸும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தும் தொல்லை போகும். க்யூஎம்கே உள்ள பலகையில் இதைப் பலகைக்குள்ளேயே பதிந்துவிடலாம், எந்த விண்டோஸ் கணினியில் செருகினாலும் அது வேலை செய்யும். ஒரே கணினியில் மட்டும் எழுதுபவர் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மென்பொருளில் எந்தப் பலகையைக் கொண்டும் இதையே செய்துகொள்ள முடியும். ஆகவே இதற்காக மட்டும் 1,000 ரூபாய் கூட்டித் தர வேண்டியதில்லை.

நான்காவது வழிக்கு ஆலா எஃப்75 நல்ல உதாரணம். எஃப் வரிசையும் அம்புவிசைகளும் இருக்க, இடைவெளிகள் அனைத்தும் நெருக்கப்பட்ட 75 சதவீத அளவு. கம்பி, ப்ளூடூத், கணினியில் ஒரு சிறு யூஎஸ்பி முனையைச் செருகி இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா முறை என்று மூன்று வழி இணைப்பு, கழற்றத்தக்க சுவிட்சு, உள்ளே பஞ்சு அடுக்குகள் வைத்து அடக்கப்பட்ட ஆழ்ந்த ஒலி. சலுகைக் காலத்தில் நம் வரம்பை ஒட்டி வரும், மற்ற நாட்களில் தாண்டிவிடும். தட்டும்போது கிடைக்கும் சுகத்தில் இந்த நான்கில் இதுவே முதல் என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும், ஒரே மேசையில் ஒரே கணினியோடு வேலை செய்பவர் ப்ளூடூத்துக்குக் காசு கொடுத்துப் பயனில்லை. மின்கலம் காலப்போக்கில் தளரும், விளக்கை எரியவிட்டால் அடிக்கடி மின்னேற்ற வேண்டும், சற்று நேரம் சும்மா இருந்து உறங்கிப்போன பலகை விழிப்பதற்குள் முதல் எழுத்து விழுங்கப்படுவதும் உண்டு. கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் மாறிமாறி எழுதுபவருக்கு மட்டும் இந்தக் கூடுதல் செலவு தகும்.

விசைமூடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓராண்டுக்குள் எண்ணெய்ப் பூச்சு போல மின்னத் தொடங்கும். பிபிடி என்னும் பிளாஸ்டிக் சொரசொரப்பை நெடுநாள் தக்கவைக்கும். எழுத்து அச்சிடப்பட்டதா, இரண்டு பிளாஸ்டிக்குகளை ஒன்றாக வார்த்துச் செய்ததா என்று பாருங்கள். பின்னது அழியவே அழியாது. தமிழ் எழுத்து பொறித்த மூடிகளைத் தேடி அலைய வேண்டாம். திரையில் தமிழ் வருவது கணினியிலுள்ள மென்பொருளால். பலகை அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற குறியை மட்டுமே. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் எந்த மெக்கானிக்கல் பலகையும் தமிழுக்கு அப்படியே பொருந்தும். பழகும் வரை ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம், அல்லது தமிழ்99 படத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே சாய்த்து வைக்கலாம்; இரண்டாவதுதான் விரைவில் பார்க்காமல் அடிக்கப் பழக்கும்.

ஒரு நொடிக்கு 1,000 முறை தகவல் அனுப்பும் என்பதும், எத்தனை விசையை ஒருசேர அழுத்தினாலும் பதியும் என்பதும், பதினெட்டு வகை விளக்கு விளையாட்டும் எழுதுபவருக்குத் தேவையற்றவை. அந்த இடத்தில் பார்க்க வேண்டியது ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ் ஆகிய நீளமான விசைகளை. மலிவான பலகையின் தரம் முதலில் குலைவது அங்கேதான். ஸ்பேஸின் இரு ஓரங்களைத் தனித்தனியே தட்டிப் பார்த்தால், உள்ளேயுள்ள கம்பி தாங்கிகள் சலசலக்கிறதா என்பது தெரிந்துவிடும். சலசலப்பு மட்டும் என்றால் மூடியைக் கழற்றிக் கம்பி முனைகளில் ஒரு துளி கிரீஸ் வைத்தால் போகும்; ஓரத்தில் தட்டும்போது விசை சிக்கிக்கொண்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பலகை கைக்கு வந்ததும், திருப்பி அனுப்புவதற்கான நாட்கள் முடிவதற்குள், எல்லா விசைகளையும் சோதித்துவிட வேண்டும். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஆங்கில நிலையில் ஒவ்வொரு விசையையும் இருபது முறை தட்டி, விழுந்த எழுத்துகளை எண்ணிப் பார்த்தால் இரட்டிப்பும் விடுபாடும் தெரிந்துவிடும். பின்னர் தமிழுக்கு மாறி, வழக்கமாக எழுதும் ஏதாவது இரண்டு பக்கத்தை எழுதிப் பாருங்கள். கம்பி பிரிக்கத்தக்கதாக இருந்தால் யூஎஸ்பி சி முனையை மெல்ல ஆட்டி, இணைப்பு விட்டு விட்டு வருகிறதா என்றும் பார்க்கலாம். சுவிட்சைக் கழற்றும் வகை என்றால் ஏதேனும் ஒன்றைப் பிடுங்கி, அதன் கால்களின் தடிமனைப் பார்த்து மீண்டும் செருகுங்கள். மாற்றுச் சுவிட்சு தேடும் நாளில் எந்த வகையைக் கேட்பது என்பது தெரிந்திருக்கும். விலைச்சீட்டையும் பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் இல்லாமல் பல விற்பனையாளர்கள் மாற்றுப் பலகை தருவதில்லை.